பழையபடி ஆக்க முடியுமா?

ஒரு பெரிய அப்டேட் வந்த மறுநாள் காலையில் எனக்கு வரும் போன்கால்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். "பழையபடி ஆக்க முடியுமா?" சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் என்பதால் எங்கள் குடும்பத்தில் எல்லாருடைய போனுக்கும் நானே மெக்கானிக். நான் பார்ப்பது சர்வர் வேலை, போனுக்கும் எனக்கும் நேரடிச் சம்பந்தமில்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். கண் டாக்டர் என்றாலும் டாக்டர்தானே, இந்தப் பல்லைக் கொஞ்சம் பாருங்களேன் என்கிற மாதிரி கேட்பார்கள். பார்ப்பேன். பார்த்துவிட்டு "முடியாது" என்பேன்.

அந்த "முடியாது" பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். புதுசு கண்ணை உறுத்துகிறது, போன் சுடுகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்று விதவிதமாகப் புகார் வரும். சில நியாயமானவை, சில வெறும் எரிச்சல். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்று: கேட்டுக்கொண்டு மாற்றவில்லை, மாற்றியதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. பிடிக்காத சட்டையைக் கழற்றிப் போடலாம். பிடிக்காத ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு குடும்பம் நடத்தியாக வேண்டும்.

2025 செப்டம்பர் 15 அன்று ஆப்பிள் ஐஓஎஸ் 26ஐ வெளியிட்டது. (18க்கு அடுத்து 26. வருஷத்தை வைத்துப் பெயர் வைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நடுவில் ஏழு பதிப்புகளைத் தவறவிட்டோமோ என்று பயந்து எனக்கு மெசேஜ் அனுப்பிய நண்பர்கள் உண்டு.) அதன் புதுத் தோற்றத்துக்கு லிக்விட் கிளாஸ் என்று பெயர். பட்டன்களும் பட்டிகளும் கண்ணாடித் துண்டுகள் மாதிரி, பின்னால் இருப்பது வளைந்து நெளிந்து தெரியும். கடையில் வைத்துப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று, பின்னணியில் பிள்ளையின் போட்டோ தெரிய, அதன் மேல் மிதக்கும் எழுத்தைப் படிக்க முயன்றவர்களுக்கு அழகு முக்கியமாகப் படவில்லை. எழுத்து தெரியவில்லை என்று உலகம் பூராவும் புலம்பினார்கள். நவம்பரில் வந்த 26.1 பதிப்பில் கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொள்ள ஒரு தேர்வு கொடுத்தார்கள்.

இது ஏற்கெனவே பார்த்த படம். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது அதுவரை இருந்த தோல், மரம், காகிதம் போன்ற தோற்றங்கள் ஒரே இரவில் போய் எல்லாம் தட்டையானது. ஆப்பைத் திறந்தால் திரை உள்ளே பாய்வது போலவும், போனைச் சாய்த்தால் படம் நகர்வது போலவும் ஓர் அசைவு சேர்த்திருந்தார்கள். சிலருக்குத் தலைசுற்றல், குமட்டல். அடுத்த மாதமே 7.0.3இல் அந்த அசைவைக் குறைக்கும் வசதி வந்தது. இரண்டு தடவையும் பழசு திரும்பி வரவில்லை, கவனியுங்கள். புதுசின் வீரியத்தைக் குறைக்கும் ஒரு ஸ்விட்ச், செட்டிங்ஸின் நாலாவது அடுக்கில், தேடத் தெரிந்தவர்களுக்காக வந்தது.

நம் ஊரில் இதைவிடப் பெரிய கூத்து அதே 2025 ஆகஸ்டில் நடந்தது. கூகுளின் போன் ஆப் திடீரென்று முகம் மாறியது. அழைப்பு வந்தால் பட்டனை மேலே தள்ளிப் பழகியவர்களிடம் பக்கவாட்டில் தள்ளச் சொன்னது. நான் எதையும் அமுக்கவே இல்லையே, போன் தானாக மாறிவிட்டதே, யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா என்று அந்த வாரம் கேட்காதவர் இல்லை. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் சிக்னலில் நிற்கும்போது திரும்பி என்னிடம் போனை நீட்டினார். அது ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை, வெறும் ஓர் ஆப் என்பதால் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" என்று ஒரு வழி இருந்தது. அதைச் செய்து பழைய திரை வந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்காமல் இறக்கிவிட்டார்.

ஆபரேட்டிங் சிஸ்டமே மாறினால் அந்த வழி கிடையாது.

சாத்தூரில் இருக்கும் என் அத்தையின் கதையைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது. போன் எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். எந்தக் கம்பெனியிலும் நடக்கக்கூடியதுதான். அத்தைக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், தினமும் பேப்பர் படிப்பாள். ஆனால் போனைப் படித்துப் பயன்படுத்துவதில்லை. இடத்தை வைத்துப் பயன்படுத்துகிறாள். கீழ்வரிசையில் இடது ஓரம் பச்சை என்றால் போன். அதற்கு மேல் மகன் படம்; தொட்டால் ஷார்ஜாவில் இருக்கும் அத்தானுக்குப் போகும். அதற்குப் பக்கத்தில் மதுரையில் இருக்கும் மகள். மேலேயிருந்து விரலால் இழுத்தால் வருகிற பட்டன்களில் மேல்வரிசை மூன்றாவது, டார்ச். கண்ணாடி போடாமல், கரண்ட் போன இருட்டில், இடது கையால் இதை அவள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அஞ்சறைப் பெட்டியில் பார்க்காமலே கடுகையும் வெந்தயத்தையும் எடுக்கும் அதே கை.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் சார்ஜில் கிடக்கும்போது தானாக அப்டேட் போட்டுக்கொண்டது. அப்படித்தான் அமைத்துக் கொடுக்கிறார்கள்; உபயோகத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் தூங்கும்போது முடித்துவிடலாமாம். புதன்கிழமை காலையில் பட்டன்கள் வட்டத்திலிருந்து வேறு உருவத்துக்கு மாறியிருந்தன, வண்ணம் மங்கியிருந்தது. அத்தை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் கரண்ட் போனது. மேலேயிருந்து இழுத்து, மூன்றாவது பட்டனைத் தொட்டாள். வெளிச்சம் வரவில்லை. இன்னும் இரண்டு மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டாள். மூன்றாவது இடத்தில் இப்போது இருந்தது டார்ச் இல்லை, நிலா. தொந்தரவு செய்யாதே.

அந்த நிலா போனை வாயடைத்துவிட்டது. முழுக்க இல்லை. நட்சத்திரம் போட்டு வைத்த எண்கள் மட்டும் ஒலிக்கும். அத்தையின் பட்டியலில் யாருக்கும் நட்சத்திரம் கிடையாது. பதினைந்து நிமிஷத்துக்குள் ஒரே ஆள் இரண்டாம் தடவை கூப்பிட்டால் ஒலிக்கும் என்றும் ஓர் ஏற்பாடு அதில் உண்டு. அவசரம் என்றால் மனிதர்கள் மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள் என்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அத்தான் ஒருமுறை கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால், அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள் என்று மறுநாள்தான் கூப்பிடுவான். மகளும் அப்படியே.

வெள்ளிக்கிழமை அத்தையின் பெரியம்மா மகள் சிவகாசியில் இறந்துபோனாள். சின்ன வயசில் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர்கள். கேதம் சொல்வது இப்போதெல்லாம் போனில்தான். சாவு வீட்டில் யாராவது ஒரு பையன் கையில் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கால். எடுக்கவில்லை என்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவான். அன்றைக்கு யாருக்கும் இரண்டாம் தடவை கூப்பிட நேரமிருக்காது. அத்தைக்கு விஷயம் தெரிந்தது சனிக்கிழமை காலையில், பால் ஊற்ற வந்தவர் சொல்லி. சாத்தூரிலிருந்து சிவகாசி ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

முகம் பார்க்காமல் போவது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வராததற்கு ஒரு பழைய மனஸ்தாபத்தைக் காரணமாக அங்கே பேசிக்கொண்டார்களாம். "போன் அடிக்கவே இல்லன்னு சொன்னா யாருய்யா நம்புறா? கால் பண்ணோம் சித்தின்னு அந்தப் பய அவன் போன எடுத்துக் காட்டுறான். அதுல எம் பேரு இருக்கு, நேரம் இருக்கு." ஞாயிற்றுக்கிழமை அவளாக என்னைக் கூப்பிட்டபோது இதைச் சொன்னாள். அதுவும் முதலில் சொல்லவில்லை. "நாலு நாளா ஒருத்தரும் கூப்பிடல ராசா, எல்லாருக்கும் நான் வேண்டாதவளாயிட்டேனா"ன்னுதான் ஆரம்பித்தாள்.

எனக்குச் சந்தேகம் வந்து, "அத்தே, மேல மூலையில சின்னதா நிலா மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. புதங்கெழமையில இருந்து இருக்கு. ராத்திரிக்கு வர்றதாக்கும்னு நெனச்சேன். பகல்லயும் போவலையேன்னு பாத்தேன்."

மேற்படி அப்டேட்டின் குறிப்புகளைப் பிறகு தேடிப் படித்தேன். விரைவு அமைப்புகளின் அடுக்கு "மேம்படுத்தப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. யாருடைய பார்வையில் மேம்பாடு என்பதற்கு விளக்கம் இல்லை.

இந்த மாதிரி வரிகள் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பட்டனை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் நகர்த்த மூன்று வாரம் மீட்டிங் நடந்தது. காரணம் இல்லாமல் யாரும் நகர்த்தவில்லை. திரைகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன, கட்டை விரலுக்கு எட்ட வேண்டும், புதிதாக வாங்குகிறவருக்கு முதல் நாளே புரிய வேண்டும். எல்லாமே நியாயமான காரணங்கள். வெளியிட்டபின் ஒரு வரைபடத்தைப் பார்ப்போம். முதல் வாரம் புகார்கள் செங்குத்தாக ஏறும். இரண்டாம் வாரம் இறங்கும். ஒரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். "பாத்தீங்களா, பழகிட்டாங்க" என்பார் மேலாளர். எல்லோரும் அடுத்த வேலைக்குப் போவோம்.

அந்தக் கோடு எதனால் இறங்கியது என்பதை வரைபடம் சொல்லாது. பழகியதால் இறங்கியிருக்கலாம். சலித்துப் போனதால் இறங்கியிருக்கலாம். பேரனிடம் கேட்டுச் சமாளித்துக்கொண்டதால் இருக்கலாம். முக்கியமாக, அத்தை மாதிரியான ஒருவர் அந்த வரைபடத்தில் ஏறுவதே இல்லை. புகார் அனுப்பும் பட்டன் எங்கே என்று தெரிந்தவர்தான் புகார் அனுப்புவார். மேலும் நிலாவை அவள் மூன்று முறை நான்கு முறை தொட்டது, அந்த வசதியை ஒருவர் ஆர்வமாகப் பயன்படுத்துகிறார் என்று எங்காவது ஒரு அட்டவணையில் பதிவாகியிருந்தால்கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பழகிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கிற இளைஞர்களிடம் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள் என்பேன். உங்கள் போன் கீபோர்டில் ஆங்கில 'பி'க்கு இரண்டு பக்கமும் என்ன எழுத்துகள் என்று பார்க்காமல் சொல்லுங்கள். திணறுவீர்கள். ஆனால் விரல் ஒரு நாளைக்கு நூறு தடவை அங்கே தப்பில்லாமல் போய்வருகிறது. அந்த அறிவு மூளையின் பேசும் பகுதியில் இல்லை, கையில் இருக்கிறது. இருபத்தைந்து வயசில் கை ஒரு வாரத்தில் புதுசைக் கற்றுக்கொள்ளும். அறுபத்தெட்டு வயசில் அதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்கள் முடிவதற்குள் அடுத்த வருஷத்துப் பதிப்பு வந்துவிடும்.

சரி, ஏன் திரும்பிப் போக முடியாது?

ஐபோனில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிறுவும்போது, இந்தப் பதிப்பை இந்தக் குறிப்பிட்ட போனில் போடலாம் என்று ஆப்பிளின் சர்வர் டிஜிட்டல் கையொப்பம் போட்டுத் தர வேண்டும். புதுப் பதிப்பு வந்து கொஞ்ச நாளில் பழைய பதிப்புக்குக் கையொப்பம் போடுவதை நிறுத்திவிடுவார்கள். பழைய பதிப்பின் கோப்பு உங்கள் லேப்டாப்பில் பத்திரமாக இருந்தாலும் பயனில்லை. பத்திரம் கையில் இருக்கிறது, சப்-ரிஜிஸ்ட்ரார் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். ஆண்ட்ராய்டிலும் ரோல்பேக் பாதுகாப்பு என்று ஓர் ஏற்பாடு உண்டு. போனின் அழிக்க முடியாத ஒரு மூலையில் ஓர் எண் எழுதப்படும்; அதைவிடக் குறைந்த எண்ணுள்ள சிஸ்டத்தைப் போன் ஏற்க மறுக்கும்.

இதற்கும் நல்ல காரணம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுக் கம்பெனிகளைத் திட்டுவது சுலபம். பழைய பதிப்பில் ஒரு ஓட்டை இருந்தால், போனைத் திருடியவன் அந்தப் பதிப்புக்குத் திரும்பிப் போய் ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடலாம். கதவைப் பூட்டிவிட்டுப் பழைய உடைந்த கதவையும் பக்கத்தில் சாத்தி வைக்க முடியாது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் ஐஓஎஸ் 14.8ஐ அவசரமாக வெளியிட்டது. பெகாசஸ் உளவு மென்பொருள் ஐமெசேஜ் வழியாக, போன்காரர் எதையும் தொடாமலே, உள்ளே வர ஒரு வழி இருந்ததை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது. அந்த அப்டேட்டைப் போடாதே என்று யாருக்கும் என்னால் சொல்ல முடியாது.

பிரச்சினை அப்டேட் என்ற ஒரே பொட்டலத்துக்குள் இரண்டு சரக்குகள் இருப்பதுதான். ஒன்று மருந்து: ஓட்டையை அடைப்பது. இன்னொன்று அலங்காரம்: பட்டனின் உருவம், இடம், நிறம். மருந்து வேண்டுமென்றால் அலங்காரத்தையும் விழுங்க வேண்டும். அலங்காரம் வேண்டாம் என்று அப்டேட்டைத் தள்ளிப்போட்டால் மருந்தும் கிடைக்காது. ஒருமுறை சூடுபட்டவர்கள் அப்டேட் என்றாலே பயந்து "பிறகு" என்பதை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். பாதுகாப்பு ஆட்கள் வருஷக்கணக்கில் கெஞ்சிச் சேர்த்த நம்பிக்கையை டிசைன் ஆட்கள் ஒரே இரவில் செலவழித்துவிடுகிறார்கள்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு சங்கதி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலை அது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7இலிருந்து போனுக்குள் சிஸ்டத்துக்கு இரண்டு அறைகள் வைக்கும் முறை வந்தது. ஓர் அறையில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பு. அப்டேட் வந்தால் அது ஓசையில்லாமல் இரண்டாவது அறையில் எழுதப்படும். போனை ஒருமுறை அணைத்து எழுப்பினால் இரண்டாவது அறையிலிருந்து எழும். புதியது எழ முடியாமல் தடுமாறினால் போன் தானாகவே பழைய அறைக்குத் திரும்பிவிடும். அதாவது திரும்பிப் போகும் வழி போனுக்கு இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்காவது இருக்கிறது. புதியது நன்றாக எழுந்தது என்று போனே ஒரு டிக் போட்டுக்கொண்ட பிறகுதான் பழையது இடத்தைக் காலி செய்யும். அந்த டிக் போடுவதற்கு முன் போன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அத்தைக்கு டார்ச் கிடைத்ததா என்ற கேள்வி அந்தச் சோதனையில் இல்லை.

இதெல்லாம் மேல்பூச்சு விஷயம், கோர்ட்டுக்குப் போகிற அளவு பெரிதா என்று தோன்றலாம். போயிருக்கிறது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைத் தேவைப்படும்போது குறைத்தது. பழைய லித்தியம் பேட்டரியால் திடீரென்று கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் போன் படக்கென்று அணைந்துவிடும், அதைத் தடுக்கத்தான். ஓர் இன்ஜினியராக எனக்கு அந்தத் தீர்வில் குறையில்லை. வேகத்தைக் குறைக்கிறோம் என்று உடைமைக்காரரிடம் தெளிவாகச் சொல்லாததுதான் குற்றம். போன் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுப்போன் வாங்கியவர்கள் உண்டு. ஒரு பேட்டரி மாற்றினால் போதும் என்று தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்த வருஷ டிசம்பரில் விஷயம் வெளியே வந்தது, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020இல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே, 2018 அக்டோபரில், இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங் விஷயத்தில் பழைய நோட் 4 போனில் புது ஆண்ட்ராய்டைப் போடச் சொல்லி நச்சரித்தது பிரச்சினை. அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது அபராதத் தொகை இல்லை. அப்டேட்டால் வரும் விளைவைச் சொல்லவில்லை என்பதோடு, போன் முன்பு இருந்த நிலைக்குத் திரும்ப எந்த வழியும் கொடுக்கவில்லை என்பதையும் குற்றமாகவே எழுதியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தார் என்னிடம் கேட்கும் அதே கேள்வியை ஓர் அரசாங்க அமைப்பு கேட்டிருக்கிறது.

பொட்டலத்தைப் பிரித்துத் தர முடியுமா? முடியும் என்பதற்கு ஆப்பிளே சாட்சி. 2021இல் ஐஓஎஸ் 15 வந்தபோது ஒரு புதுமை செய்தார்கள். விருப்பமில்லாதவர்கள் 14லேயே இருக்கலாம், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும் என்றார்கள். செட்டிங்ஸைத் திறந்தால் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. என் வாழ்நாளில் ஒரு பெரிய கம்பெனி, "நீ இருக்கிற இடத்திலேயே இரு, உன்னைப் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிக் கேட்டது அப்போதுதான். 2022 ஜனவரியில் அந்த வாசலைச் சாத்திவிட்டார்கள். அது தற்காலிக ஏற்பாடுதான் என்று விளக்கம் வந்தது. 2023இல் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் மாற்றும் அவசரத் திருத்தங்களையும் அனுப்பிப் பார்த்தார்கள். வேண்டாமென்றால் அதை நீக்கிக்கொள்ளவும் வழி வைத்திருந்தார்கள். ஆண்ட்ராய்டிலும் 10ஆம் பதிப்பிலிருந்து சில உள்பாகங்களை ப்ளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்க முடிகிறது. ஆக, கத்தி கையில் இருக்கிறது. எங்கே வெட்டுவது என்பதில்தான் நம்மைக் கேட்பதில்லை.

நான் வேலை பார்க்கும் சர்வர் உலகத்தில் இது பழைய வழக்கம். உபுண்டு லினக்ஸின் நீண்டகாலப் பதிப்பை ஒரு மெஷினில் போட்டால் ஐந்து வருஷத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். எதுவும் இடம் மாறாது. ரெட் ஹாட்டில் பத்து வருஷம். விண்டோஸிலேயே ஏடிஎம், மருத்துவக் கருவி மாதிரியான இடங்களுக்கென்று தோற்றம் மாறாத ஒரு பதிப்பை மைக்ரோசாஃப்ட் தனியாக விற்கிறது. ஏடிஎம் மெஷினைத் திடீரென்று மாற்றினால் வியாபாரம் நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கோ ஒரு ஏசி அறையில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, சாத்தூரில் ஒரு மனுஷிக்குக் கிடைக்கவில்லை.

சகாக்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இரண்டு முகங்களைப் பராமரித்தால் சோதனை வேலை இரட்டிப்பு. ஆப் எழுதுகிறவர்கள் எத்தனை பழைய பதிப்புகளுக்குத்தான் எழுதுவார்கள்? எல்லாம் உண்மை. நானும் அந்தச் சிரமத்தில் சம்பளம் வாங்குகிறவன்தான். ஆனால் நான் கேட்பது பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் முழுவதையும் இல்லை. உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவது பட்டன் மூன்றாவதாகவே இருக்கட்டும் என்று ஒரு வரி அமைப்பு. பழைய இடங்களை நினைவில் வைத்துக்கொள்வது ஒரு சின்னக் கோப்பு. லட்சம் போட்டோக்களைத் தேடி முகம் அடையாளம் காணும் போனுக்கு அது ஒரு சுமையா? வருஷா வருஷம் மேடையேறி எதையாவது காட்ட வேண்டியிருப்பதுதான் உண்மையான சுமை. பேட்டரி இரண்டு மணி நேரம் கூடுதலாக நிற்கிறது என்றால் கைத்தட்டு கொஞ்சம்தான் வரும். கண்ணாடி மாதிரி பட்டன் என்றால் படம் பிடித்துப் போடலாம்.

அத்தையின் போனில் தானாக அப்டேட் ஆவதை அப்போதே நிறுத்தி வைத்தேன். தொந்தரவு செய்யாதே என்பது ஆனில் இருந்தாலும் ஒலிக்கும்படி இருபத்தியிரண்டு பேருக்கு நட்சத்திரம் போட்டோம், சிவகாசி வீட்டையும் சேர்த்து. அந்த வீட்டுக்குப் பதினாறாம் நாள் அத்தை போய்வந்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் கூப்பிட்டாள். "ராசா, அப்டேட்டுன்னு கெடந்து துடிக்குது. அமுக்கவா, வேண்டாமா?"

குறிப்புகளைத் தேடிப் படித்தேன். பாதுகாப்புத் திருத்தங்கள் இருந்தன, அவற்றில் ஒன்று கொஞ்சம் மோசமான ஓட்டைக்கு. அதே பட்டியலில் "புதிய தோற்றம்" என்றும் இருந்தது. அத்தை அந்தப் போனில்தான் பென்ஷன் வந்ததா என்று பார்க்கிறாள், கேஸ் புக் பண்ணுகிறாள். அமுக்கச் சொன்னேன். தனியாக வேண்டாம், பக்கத்து வீட்டு அக்கா போனை வாங்கி அதில் என்னோடு பேசிக்கொண்டே செய்யச் சொன்னேன். இருபது நிமிஷம் ஆனது. நடுவில் போன் அணைந்து எழுந்தபோது அவள் பேசவில்லை.

"என்ன தெரியுது அத்தே?"

"எல்லாம் உருண்டையா இருக்கு. அவன் போட்டோ இருக்கு. இவ போட்டோவும் இருக்கு."

"மேலேருந்து இழுங்க."

இழுத்தாள். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். டார்ச் இந்தத் தடவை ஐந்தாவதாகப் போயிருந்தது. நீளமாக அமுக்கி நகர்த்தி மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் போனில் நகர்த்த முடியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை வந்தது.

"நிலாவ என்ன பண்ண?"

"கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிருங்க."

"தள்ளிட்டேன். நீ செத்த இரு, வைக்காத" என்றாள். பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம், "ஏ, நீ இந்தப் போனுக்கு ஒரு போன் போடு" என்று சொல்வது கேட்டது. அவர்கள் போனில் நான் இருந்ததால் போட முடியாது என்பதைச் சொல்லி, நான் வைத்துவிட்டு அவளுடைய எண்ணைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.